காட்டுக்கும் மலைக்கும் பூட்ஸ் வாங்குவது எப்படி? முதல்முறை வாங்குகிறவர்களுக்கு

பூட்ஸ் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை வருஷம் உழைக்கும்?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கொஞ்சம் தள்ளிக் கேட்கலாம். காலுக்குச் சேராத பூட்ஸ் எவ்வளவு உறுதியோ, வலியும் அவ்வளவு நாள் நீடிக்கும். வண்டி நிறுத்திய இடத்திலிருந்து ஒரு நாள் நடைதூரத்தில், தடமே இல்லாத காட்டில் குதிகால் தோல் உரிந்துவிட்டால், அதே காலோடுதான் திரும்பி நடக்க வேண்டும். அதனால் இங்கே வரிசை இதுதான்: முதலில் நிலமும் சுமையும், அடுத்து பாதம், அப்புறம்தான் தோலும் சோலும்.

மலைநடைக்குப் போகிறவருக்கும், உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறவருக்கும் பெரும்பாலான விஷயங்கள் பொதுவானவை. வேறுபடும் இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

படி 1: எங்கே நடக்கப் போகிறீர்கள், எதைச் சுமந்து?

ஜெர்மனியின் மெயிண்டல் நிறுவனம் மலை பூட்ஸுகளை ஏ முதல் டி வரை பிரித்து வைத்தது. இன்று வேறு பல நிறுவனங்களும் அதே எழுத்துகளைப் பயன்படுத்துகின்றன. ஏ என்றால் நன்றாக வளையும், சீரான பாதைக்கானது. பி என்றால் பல நாள் நடைக்கும் முதுகுச் சுமைக்கும் ஏற்றது. பி/சி பாறையும் சரளையுமான, பாதையில்லாத சரிவுகளுக்கு. சி, டி இரண்டும் பனிப்பாறையில் பூட்ஸுக்கு அடியில் முள்தகடு (கிராம்பன்) மாட்டி ஏறுகிறவர்களுக்கு. ஆரம்பக்காரர்களுக்கு கடைசி இரண்டும் தேவையே இல்லை.

போட்ட பாதையில் காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிறவர் என்றால் ஏ அல்லது ஏ/பி போதும். கூடாரத்தோடு பல நாள் போகிறவருக்கு பி. வேட்டைக்காரர் விஷயம் கொஞ்சம் கடினமானது. அவர் பாதையைவிட்டு விலகி, சரிவின் குறுக்கே மணிக்கணக்காக நடக்கிறார்; வேட்டை கிடைத்துவிட்டால், போகும்போது இல்லாத பெரிய இறைச்சிச் சுமையோடு இறங்குகிறார். அவர் பூட்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்தத் திரும்பும் நடையை நினைத்து. அதனால் பி, நிலம் செங்குத்தாக இருந்தால் பி/சி.

"எதற்கும் இருக்கட்டும்" என்று உள்ளதிலேயே கனமானதை வாங்கும் பழக்கம் உண்டு. வேண்டாம். காலில் ஏறும் எடை, முதுகில் ஏறும் அதே எடையைப் போல ஏறத்தாழ 5 மடங்கு உழைப்பை வாங்குகிறது என்று ராணுவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி, முன்னே வீசி, நிறுத்த வேண்டியிருக்கிறதே!

படி 2: பாதத்தை அளந்துகொள்ளுங்கள்

ஆபீஸ் ஷூவின் எண்ணைச் சொல்லி மலை பூட்ஸ் வாங்கக் கூடாது. நாள் போகப் போகப் பாதம் வீங்கும். நடந்தால் இன்னும் வீங்கும். எனவே மாலையில் அளங்கள். ஒரு தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி எழுந்து நின்று, உடல் எடையை அந்தக் காலில் போட்டு, மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். மிக நீளமான விரல் பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை; பலருக்கு அடுத்த விரல் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்துகொண்டு அளந்தால் குறைவாகக் காட்டும்.

இப்போது கையில் மில்லிமீட்டர் கணக்கு இருக்கிறது. அது எண்களைவிட நம்பகமானது. பிரிட்டிஷ் அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி சுமார் 8.5 மி.மீ., ஐரோப்பிய அளவில் சுமார் 6.7 மி.மீ. அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அட்டவணை எப்போதும் தோராயமானதுதான். அது போக, ஒவ்வொரு நிறுவனமும் தன் பூட்ஸைத் தைக்கும் பாத வடிவ அச்சு வேறு. ஒரே எண் ஒரு நிறுவனத்தில் கச்சிதமாக இருக்கும், இன்னொன்றில் சுண்டுவிரலை நசுக்கும்.

நல்ல ஷூ கடையில் பிரானாக் என்ற உலோக அளவுகோல் இருக்கும். அமெரிக்காவின் சிராகியூஸ் நகரத்தைச் சேர்ந்த சார்லஸ் பிரானாக் 1920களில் உருவாக்கியது. அது மூன்று அளவுகளைத் தரும்: குதிகாலிலிருந்து விரல் நுனி வரை, குதிகாலிலிருந்து பெருவிரல் அடிமூட்டு வரை, பாதத்தின் அகலம். நடுவிலுள்ளதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆனால் பூட்ஸ் வளைய வேண்டிய இடம் அந்த மூட்டுதான். உங்கள் விரல்கள் குட்டையாகவும் பாதம் நீளமாகவும் இருந்தால், விரல் நுனிக் கணக்கில் சரியாக இருக்கும் பூட்ஸ் மூட்டுக்குப் பின்னால் மடங்கும். நாள் முழுக்க அந்த மடிப்பு காலை அறுக்கும்.

படி 3: சாக்ஸ்

மெரினோ கம்பளி, அல்லது கம்பளியும் நைலானும் கலந்தது. பருத்தி வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும். ஈரத் தோல் சீக்கிரம் கொப்புளிக்கும். காட்டில் எந்த சாக்ஸோடு நடக்கப் போகிறீர்களோ, அதையே போட்டுக்கொண்டு பூட்ஸை முயன்று பாருங்கள். அவ்வளவுதான்.

படி 4: போட்டுப் பார்ப்பது

இந்தப் படிக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். மீதி எல்லாவற்றிலும் கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளிக்கலாம், இதில் முடியாது.

முதலில் பூட்ஸுக்குள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து, அதன் மேல் நில்லுங்கள். குதிகாலைப் பின்விளிம்போடு பொருத்துங்கள். முன்னால் 10 முதல் 12 மி.மீ. இடம் மிச்சமிருக்க வேண்டும். பாதத்தின் ஓரம் இன்சோலைத் தாண்டி வழிந்தால் பூட்ஸ் குறுகல். விற்பவர் "போகப் போக விரியும்" என்பார். தோல் கொஞ்சம் தளரும், உண்மைதான். அகலம் துளி கூடலாம். நீளம் ஒருநாளும் கூடாது.

அடுத்து லேஸைக் கட்டாமல் காலை உள்ளே விட்டு, விரல்கள் முன்சுவரைத் தொடும்வரை தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் சிறிது. இரண்டு விரல் நுழைந்தால் பெரிது.

இப்போது குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, லேஸை அடியிலிருந்து மேலே ஒவ்வொரு துளையாக இறுக்கிக் கட்டுங்கள். எழுந்து நடங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியது குதிகால். அது உள்ளே எழும்பி எழும்பி இறங்கினால் அந்த உராய்வுதான் நாளை கொப்புளம். விறைப்பான புதுத் தோல் பூட்ஸில் 5 மி.மீ. போல லேசாக எழும்புவதைப் பொறுத்துக்கொள்ளலாம். சோல் வளையத் தொடங்கியதும் அது குறையும். அதற்கு மேல் என்றால் வேறு அச்சில் செய்த பூட்ஸைத் தேடுங்கள். விரல்கள் மாத்திரம் பியானோ வாசிப்பது போலச் சுதந்திரமாக அசைய வேண்டும். நடுப்பாதம் இறுக்கமாகவும் வலியில்லாமலும் இருக்க வேண்டும்.

பிறகு சரிவுப் பலகை. கடையில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் படிக்கட்டு. கீழ்நோக்கி நின்று, முன்பாதத்தை நாலைந்து தடவை அழுத்தமாக மிதியுங்கள். விரல் முன்னால் போய் முட்டினால் அந்த பூட்ஸை வைத்துவிடுங்கள். நீண்ட இறக்கத்தில் நகத்துக்கடியில் ரத்தம் கட்டிக் கறுத்துப்போவதற்கு இந்த முட்டல்தான் காரணம். ஏறும்போது குதிகால், இறங்கும்போது விரல்: இரண்டையும் சோதிக்காமல் சமதளத்தில் நாலு அடி நடந்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று வாங்கிவரக் கூடாது.

கடைசியாக, முதுகுப்பையில் உத்தேசச் சுமையை வைத்து மாட்டிக்கொண்டு அரை மணி நேரமாவது நடமாடுங்கள். சுமை ஏறினால் பாதம் தட்டையாகி நீளும். இணையத்தில் வாங்கியிருந்தால் இதை வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள். சோலில் மண் பட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

படி 5: கையால் முறுக்கிப் பாருங்கள்

ஒரு கையில் குதிப்பகுதி, மற்றொன்றில் முன்பகுதி. துணி பிழிவது போல முறுக்குங்கள். எளிதாக முறுகினால் அது பாதைக்கான பூட்ஸ். சோலுக்குள் நைலான் அல்லது எஃகு ஷாங்க், அதாவது விறைப்புத் தகடு, வைத்தது கெட்டியாக எதிர்க்கும். சரிவின் குறுக்கே நடக்கும்போது பாதத்தின் ஓரம்தான் மண்ணைக் கடித்து நிற்கிறது. சோல் முறுகினால் அந்தப் பிடி போய், முழு வேலையும் கணுக்கால் மேல் விழும். கணுக்காலைத் தாங்குவது பூட்ஸின் உயரம் என்று பலர் நம்புகிறார்கள். என் கணிப்பில் பாதிக்கு மேல் இந்தச் சோலின் விறைப்புதான். குதிகாலைச் சுற்றியுள்ள கிண்ணத்தையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்காமல் நிற்க வேண்டும்.

ஒரே ஒரு விலக்கு. அடர்ந்த காட்டில் சத்தமில்லாமல் நெருங்கி வேட்டையாடுகிறவர், சுள்ளி காலடியில் இருப்பதை அது முறிவதற்கு முன்பே உணர வேண்டும். சுமை குறைவு, நிலம் சமம் என்றால் அவருக்கு மென்மையான சோலே நல்லது.

படி 6: எது உழைக்கும்?

இப்போது அந்த முதல் கேள்விக்கு வரலாம். மேல்பகுதிக்கு முழுத்தோல் தான் நீண்ட நாள் வரும், 2.4 முதல் 2.8 மி.மீ. தடிமன் என்றால் கல்லிலும் முள்ளிலும் உராய்ந்தாலும் தாக்குப்பிடிக்கும். நுபக் என்பதும் முழுத்தோல்தான், மேற்பரப்பை லேசாகத் தேய்த்தது. தோலைப் பிளந்து எடுத்த அடி அடுக்கில் செய்தது மலிவு, நீரைச் சீக்கிரம் குடிக்கும். துணியும் தோலும் கலந்தது லேசானது, சீக்கிரம் காயும், ஆனால் அதில் தையல்கள் அதிகம். பூட்ஸ் பிரியத் தொடங்குவது தையலில்தான், முக்கியமாக முன்பாதம் மடங்கும் இடத்தில். ஆக, தையலை எண்ணுங்கள், குறைவானதை எடுங்கள். சுற்றிலும் ரப்பர் பட்டை ஓடினால் பாறை நிலத்தில் அதன் மதிப்பு தெரியும்.

அடிச் சோலில் மஞ்சள் எண்கோண முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். விப்ரம். இத்தாலிய மலையேறி வித்தாலே பிரமானியின் பெயரிலிருந்து வந்தது. 1935இல் ஆல்ப்ஸில் அவருடைய தோழர்கள் 6 பேர் இறந்தார்கள்; காலணி சரியில்லாததும் அதற்கு ஒரு காரணம் என்று கருதப்பட்டது. அதற்குப் பிறகு அவர் ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் சோலை உருவாக்கி 1937இல் கொண்டுவந்தார். இன்று அதே முத்திரையில் பல வகை ரப்பர்கள் வருகின்றன. மென்மையானது ஈரப்பாறையில் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டியானது நேர்மாறு. முத்திரையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

நடுவில் இருக்கும் மெத்தைச் சோல் கண்ணுக்குத் தெரியாத விஷயம், ஆனால் ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் அதுதான். இவிஏ நுரை லேசானது. கனச் சுமைக்கு மாதக்கணக்கில் அமுங்கி அமுங்கித் தட்டையாகிவிடும். பாலியூரித்தேன் அதிகம் தாங்கும். அதற்கு ஒரு விநோதமான குறை உண்டு: காற்றிலுள்ள ஈரம் பட்டுப் பட்டு வருஷக்கணக்கில் தானே சிதையும். பெட்டியைவிட்டு வெளியே வராத பூட்ஸ்கூட, பல வருஷம் கழித்துப் போட்டால் சோல் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடலாம். எனவே பழைய இருப்பைத் தள்ளுபடியில் கொடுத்தால், தயாரித்த வருஷத்தைக் கேளுங்கள். விசேஷ நாளுக்கென்று எடுத்து வைப்பதும் இதற்கு ஆகாது. அடிக்கடி போடுவதே நல்லது.

மேல்பகுதியில் ஒரு தோல் பட்டையைத் தைத்து, அதில் சோலைத் தைக்கும் குட்இயர் வெல்ட் போன்ற முறைகளில் சோல் தேய்ந்ததும் புதிது போடலாம். பசையால் ஒட்டியதிலும் சிலவற்றுக்கு மாற்று சோல் போட முடியும், வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

படி 7: நீர்புகாச் சவ்வு, வெப்பக்காப்பு, உயரம்

கோர்டெக்ஸ் போன்ற சவ்வுக்குள் இருக்கும் நுண்துளைகள் நீர்த்துளியை விடாது, வியர்வை ஆவியை விடும். ஈரப் புல்லிலும் பனியிலும் இது பெரிய உதவி. ஆனால் வெளியே வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் ஆவி வெளியேறுவது மந்தமாகிவிடும். ஓடையில் இறங்கி நீர் மேல்வழியாக உள்ளே போய்விட்டால், வெளியே போக வழியில்லாமல் காய நீண்ட நேரம் பிடிக்கும். குளிர் நிலத்துக்கு சவ்வு வேண்டும், வறண்ட வெப்ப நிலத்துக்கு வேண்டாம் என்பேன்.

தின்சுலேட் என்பது பூட்ஸுக்குள் வைக்கும் வெப்பக்காப்புப் பஞ்சு; அதன் 200, 400, 800 என்ற எண்கள் ஒரு சதுர மீட்டர் பஞ்சின் கிராம் எடை. நடந்துகொண்டே வேட்டையாடுகிறவருக்கு இது பெரும்பாலும் தேவையில்லை. கால் வியர்த்து, பிறகு அந்த ஈரமே குளிரும். ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து காத்திருப்பவருக்குத்தான் 400, 800 எல்லாம். உயரம் மலைநடைக்கு 6 அங்குலம், புதரும் பனியும் இருந்தால் 8 முதல் 10.

படி 8: பழக்குவது

முதலில் வீட்டுக்குள், அடுத்து தெருவில், அதற்குப் பிறகு சுமையோடு படிக்கட்டில். தடித்த தோலுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். நனைத்துப் போட்டுக்கொண்டே காய வைக்கும் பழைய வித்தையெல்லாம் தோலைத்தான் கெடுக்கும்.

பழக்கும்போதே லேஸில் இரண்டு வித்தைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். கணுக்கால் வளைவில் லேஸை ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று முறுக்கி இறுக்கினால் அந்த முடிச்சு நகராது. கீழே தளர்வாகவும் மேலே இறுக்கமாகவும் வைக்கலாம். இறங்கும்போது குதிகாலைப் பின்னால் பிடித்து வைக்க இதுவே போதும். பாதத்தின் மேல்பக்கம் எலும்பு வலித்தால், அந்த இடத்தில் மட்டும் லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்தின் அடுத்த துளைக்கு நேராக ஏற்றுங்கள். அழுத்தம் போய்விடும்.

நடக்கும்போது எங்காவது சூடாக உறுத்தினால் உடனே நின்று, தோலில் ஒட்டும் டேப்பை அங்கே ஒட்டுங்கள். "அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அங்கே கொப்புளம் தயாராக இருக்கும்.

நனைந்த பூட்ஸை நெருப்புப் பக்கம் வைக்கவே கூடாது. தோல் வெடிக்கும், பசை இளகும். இன்சோலை எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஈரமானதும் மாற்றி மாற்றி நிழலில் காயவிடுங்கள். தோல் வறண்டு தெரிந்தால் மெழுகு பூசுங்கள்; எண்ணெய் நிறைய தேய்த்தால் தோல் தொளதொளத்துவிடும். சோலின் பற்கள் முழுதாகத் தேய்ந்து மெத்தைச் சோலைத் தொடுவதற்கு முன்பே மாற்று சோல் போடக் கொடுத்துவிடுங்கள். மெத்தையும் தேய்ந்துவிட்டால் வேலை இரட்டிப்பு.