நடக்கணும்னு தெரியும், கால்தான் நகரமாட்டேங்குது: சர்க்கரை நோயில் பழக்கத்தை மாற்ற ஒரு செய்முறை

இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ள யாரைக் கேட்டாலும் என்ன செய்ய வேண்டும் என்று ஒப்பித்துவிடுவார்கள். நடக்க வேண்டும், இனிப்பைக் குறைக்க வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும். தெரியாதது ஒன்றுமில்லை. பல்வலி வந்தால் அன்றைக்கே மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். 220 சர்க்கரை அப்படி வலிப்பதில்லை. சாப்பிட்ட இனிப்பின் ருசி உடனே தெரிகிறது, அதற்கான விலை பல வருஷம் கழித்துக் கண்ணிலோ சிறுநீரகத்திலோ தெரிகிறது. நடுவில் இருக்கும் அந்த வருஷங்களில்தான் நம் வைராக்கியமெல்லாம் கரைந்துபோகிறது.

"மனசு வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்று உட்கார்ந்திருந்தால் மனசு வருவது அபூர்வம். சின்னதாக ஒன்றைச் செய்து, அதன் பலனைக் கண்ணால் பார்த்துவிட்டால் மனசு பின்னாலேயே வரும். அந்தப் பலனைச் சீக்கிரம் பார்ப்பதற்கான வழிதான் கீழே இருப்பது.

தொடங்கும் முன்

மருத்துவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் திடீரென்று நடையைக் கூட்டினாலோ சாப்பாட்டைக் குறைத்தாலோ சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம். 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு தெரிந்தால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். காலில் புண், பாத மரத்துப்போதல், நெஞ்சுவலி, விழித்திரைக் கோளாறு இருப்பவர்கள் எந்தப் பயிற்சி தங்களுக்குச் சரிப்படும் என்று கேட்டுக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சர்க்கரை ஏறிக் கிடந்தாலே உடம்பு அசதியாக இருக்கும். அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் தன்னைத்தானே திட்டிக்கொள்பவர்கள் நிறைய. இரண்டு வாரமாக எதிலுமே பிடிப்பில்லை, தூக்கம் சரியில்லை, மனம் கனத்தே கிடக்கிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு நோய் சர்க்கரை நோயாளிகளுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது, அதற்குச் சிகிச்சையும் உண்டு. அது இருக்கும்போது எந்தச் செய்முறையும் எடுபடுவது கடினம்.

படி 1: 'ஏன் 1 இல்லை?' என்று கேளுங்கள்

உளவியலாளர்கள் வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த ஓர் உரையாடல் முறை உண்டு. பழக்கத்தை மாற்றத் தயங்குபவர்களுக்கு உபதேசம் செய்யாமல், அவர்கள் வாயிலிருந்தே காரணத்தை வரவழைப்பது அதன் நோக்கம். அதிலுள்ள ஓர் உத்தியை நாமே வீட்டில் செய்து பார்க்கலாம்.

'இந்த மாற்றம் எனக்கு எவ்வளவு முக்கியம்?' 0-லிருந்து 10-க்குள் ஓர் எண்ணைத் தாளில் எழுதுங்கள். 4 என்று வந்தால் 4. 'ஏன் 8 இல்லை?' என்று கேட்டால் வேலை, நேரமின்மை, முழங்கால் வலி என்று சாக்குகள் வரிசைகட்டி நிற்கும். அதனால் 'ஏன் 1 இல்லை? 4 வரைக்கும் எப்படி வந்தது?' என்று கேளுங்கள். இப்போது வருகிற பதில் வேறு மாதிரி இருக்கும். "ராத்திரியில் நாலு தடவை பாத்ரூமுக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கு." "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது." "அப்பாவுக்குக் கண் போன மாதிரி எனக்கும் ஆயிடுமோன்னு இருக்கு."

அந்த வரிகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 'ஆரோக்கியமாக வாழ' போன்ற பெரிய வாக்கியங்கள் வேண்டாம். அவை யாரையும் நாற்காலியிலிருந்து எழுப்புவதில்லை. சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டவர்களின் படங்களைப் பார்த்துப் பயப்படுவதும் என் கணக்கில் வீண்தான். ஒரு வாரம் வேலை செய்யும், பிறகு பரிசோதனைக்குப் போகவே பயமாகிவிடும்.

படி 2: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

சாப்பாடு, நடை, தூக்கம், எடை என்று நாலையும் திங்கட்கிழமையிலிருந்து மாற்றுவேன் என்பவர் வியாழக்கிழமை பழையபடி ஆகிவிடுவார். ஒன்று போதும். எதை என்று என்னைக் கேட்டால், சாப்பிட்ட பிறகு நடப்பதைச் சொல்வேன். சாப்பாட்டை மாற்றுவது வீட்டில் எல்லோரையும் சம்பந்தப்படுத்தும் விஷயம், நடை உங்கள் கால் சம்பந்தப்பட்டது மட்டும். தவிர, பலன் அன்றைக்கே தெரியும். இரண்டாம் வகையில் அடிப்படைச் சிக்கல், இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்பதில்லை என்பது. தசைகள் வேலை செய்யும்போதோ, இன்சுலினின் உத்தரவுக்குக் காத்திராமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கின்றன.

நடக்க முடியாதவர்கள் சர்க்கரை போட்ட பானங்களை நிறுத்துவதில் தொடங்கலாம். எதை எடுத்தாலும் இன்னொரு எண் எழுதுங்கள்: 'இதை என்னால் செய்ய முடியும் என்று எவ்வளவு நம்புகிறேன்?' 7-க்குக் கீழே வந்தால் வேலையைச் சின்னதாக்குங்கள். 15 நிமிட நடை 5 நிமிடமாகட்டும். பரவாயில்லை.

படி 3: நேரத்தையும் இடத்தையும் முடிச்சுப் போடுங்கள்

"தினமும் நடப்பேன்" என்பது ஆசை. "ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவேன்" என்பது திட்டம். 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது பலிக்கிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தடங்கலுக்கும் ஒரு முடிச்சு வேண்டும்: "மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே அறைக்கு அறை நடப்பேன்."

படி 4: மீட்டரில் பலனைப் பாருங்கள்

இதுதான் இந்தச் செய்முறையின் உயிர். வீட்டில் விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்க்கும் மீட்டரில் பெரும்பாலோர் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்க்கிறார்கள். அந்த எண்ணை ராத்திரி கல்லீரல் வெளியிடும் குளுக்கோஸும் தூக்கமும் விடிகாலை ஹார்மோன்களும் சேர்ந்து முடிவு செய்கின்றன. முந்தின நாள் ஒழுங்காக இருந்தும் காலையில் ஏறியிருந்தால் "என்ன செஞ்சும் பிரயோஜனமில்லை" என்று தோன்றிவிடும். அதனால் ஜோடி சேர்த்துப் பாருங்கள்.

ஒரு ராத்திரி வழக்கமான சாப்பாடு. சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. அன்றைக்கு நடக்க வேண்டாம், எப்போதும்போல உட்கார்ந்திருங்கள். மறுநாள் அதே சாப்பாடு, அதே அளவு, அதே நேரம், ஆனால் சாப்பிட்டு முடித்ததும் 15 நிமிட நடை. அதே இரண்டு சோதனை. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள். முதல் நாள் 130-லிருந்து 214, அதாவது 84 ஏற்றம். இரண்டாம் நாள் 128-லிருந்து 176, அதாவது 48 ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். எந்த உபதேசமும் செய்யாததை அந்த 84-ம் 48-ம் செய்துவிடும்.

ஆனால் ஒரே ஜோடியை நம்பிவிடாதீர்கள். வீட்டு மீட்டர்கள் உண்மையான அளவிலிருந்து 15 சதவீதம் வரை மேலேயோ கீழேயோ காட்டினாலும் தரக்கட்டுப்பாட்டு விதிப்படி அவை சரியான மீட்டர்களே. நம் கணக்கில் வந்த 214-ம் 176-ம் அந்த எல்லைக்குள் விளையாடக்கூடிய எண்கள்தான். மூன்று ஜோடியாவது எடுத்து, திரும்பத் திரும்ப ஒரே பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். சோதிக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். பழம் உரித்த விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து எண் எகிறும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு.

எண் மோசமாக வந்தால்? அதுவும் தகவல்தான். இந்தச் சாப்பாடு இந்த அளவில் எனக்கு ஒத்துவரவில்லை என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், மதிப்பெண் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 5: வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்

அன்பால்தான் செய்வார்கள், ஆனாலும் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பது யாருக்கும் பிடிக்காது. "இதையெல்லாம் நீ சாப்பிடலாமா?" என்று கேட்கக் கேட்க ஒளித்துச் சாப்பிடும் பழக்கம்தான் வளரும். "எனக்கு ஒத்தாசை செய்யணும்னா, சாப்பிட்டதும் என்கூட நடக்க வாங்க, அது போதும்" என்று குறிப்பாகக் கேட்டுவிடுங்கள்.

படி 6: விட்டுப்போன நாளைக் கடந்துவிடுங்கள்

லண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கத் தொடங்குவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். '21 நாளில் பழக்கம்' என்பதை நம்பி 22-ம் நாள் மனம் உடைந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே ஆய்வில், நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

ஆகவே விருந்தில் அதிகம் சாப்பிட்டுவிட்டால் அடுத்த வேளை வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கம்போல நடங்கள். ஈடுகட்டுகிறேன் என்று பட்டினி கிடப்பதும் மாத்திரையைக் கூடுதலாகப் போடுவதும் ஆபத்து.

மூன்று மாதம் கழித்து

சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்கின்றன. அவற்றில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஹெச்பிஏ1சி சோதனையில் மாற்றம் முழுதாகத் தெரிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை படி 4-ல் எழுதிய ஜோடிகள்தான் உங்களுக்குத் தெம்பு.

முடிவு 8.8-லிருந்து 7.9-க்கு வந்தால், "இலக்கான 7 இன்னும் ஆகலையே" என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. இங்கிலாந்தில் நடந்த யுகேபிடிஎஸ் என்ற நீண்ட கால ஆய்வில், இந்த அளவு 1 புள்ளி குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலான சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் சுமார் 37 சதவீதம் குறைவாக இருந்தன. அப்படிப் பார்த்தால் 0.9 சின்ன எண் இல்லை.

மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். எண் அசையவே இல்லை என்றால் ஜோடிக் கணக்கு எழுதிய தாளை அவரிடம் காட்டுங்கள். மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம், அது உங்கள் தோல்வி ஆகாது. வீட்டுக்கு வந்ததும் படி 1-ன் எண்ணைப் புதிதாக எழுதிப் பார்த்துவிட்டு, இரண்டாவது பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.