மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் கணக்கு மைனஸில் போனால்

வேலை மாறி சம்பளம் வருவது நின்றதும், பழைய சம்பளக் கணக்கை வங்கி சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். அதன்பிறகு மாதாமாதம் மினிமம் பேலன்ஸ் அபராதம் ஏறி, ஒருநாள் பார்த்தால் இருப்பு மைனஸில் நிற்கும். மூடப் போனால், "மைனஸைக் கட்டிட்டு வாங்க" என்பார்கள். உடனே கட்டிவிடாதீர்கள். மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் விதித்தது. 2015 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது.

இந்த விதி மற்ற கட்டணங்களுக்குப் பொருந்தாது. டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம், இ.எம்.ஐ. திரும்பியதற்கான கட்டணம் போன்றவை இதில் சேராது. நீங்களே கேட்டு வாங்கிய ஓவர்டிராஃப்டுக்கும் (இருப்புக்கு மேல் எடுக்கும் கடன்) இது உதவாது. எனவே முதல் வேலை, இருப்பு கடைசியாகப் பிளஸில் இருந்த நாளிலிருந்து ஸ்டேட்மென்ட் எடுப்பது. ஒவ்வொரு பிடித்தத்தையும் தேதி, காரணம், தொகை, அதன்மேல் போட்ட 18% ஜி.எஸ்.டி. என்று பிரித்து எழுதுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இழுத்தது எந்தப் பிடித்தம் என்பது அப்போதுதான் தெரியும்.

அபராதத் தொகையையும் சரிபாருங்கள். பெரும்பாலான வங்கிகள் பார்ப்பது மாத சராசரியை. 5,000 ரூபாய் வைக்க வேண்டிய கணக்கில் 10 நாள் 9,000, மீதி 20 நாள் 2,000 இருந்தால், மொத்தம் 1,30,000; அதை 30-ஆல் வகுத்தால் 4,333. குறைவு 667 ரூபாய்தான். அந்தக் குறைவின் மீது இத்தனை சதவீதம் என்றுதான் அபராதம் போட வேண்டும். (மாதக் கடைசி நாளில் 5,000 போட்டுவிட்டுத் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இந்தச் சராசரியில்தான்.) பிடிப்பதற்கு முன் தகவல் சொல்லி, இருப்பைச் சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் தந்திருக்கவும் வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் கணக்கு செயலற்றதாகிவிட்டால், 2024 ஏப்ரல் முதல் இந்த அபராதமே கிடையாது. வங்கி பிடித்த கட்டணங்களை உங்கள் பரிவர்த்தனையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். கவுன்டரில் பேசியதற்குச் சாட்சி இல்லை. கடிதத்தில் மூன்றைக் கேளுங்கள்: தவறாகப் பிடித்த தொகையை ஜி.எஸ்.டி.யோடு திருப்ப வேண்டும், முன்தகவல் அனுப்பியதற்கான நகல் வேண்டும், கணக்கை மூடியதற்கு எழுத்தில் உறுதி வேண்டும். பிரித்து எழுதிய பட்டியலை இணைத்து, இரண்டாவது நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். வங்கி இணையதளத்தில் கொடுத்தால் புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். இதற்கிடையில் கேஸ் மானியமோ டிவிடெண்டோ அந்தக் கணக்குக்கு வருவதாக இருந்தால் வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வந்த வேகத்தில் மைனஸ் அதை விழுங்கிவிடும்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரிசர்வ் வங்கியின் புகார் தளமான சி.எம்.எஸ். இணையதளத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை, உதவிக்கு 14448 என்ற தொலைபேசி எண். வங்கியிடம் எழுதாமல் நேரே இங்கே வந்தால் தள்ளுபடி ஆகும். இதே விஷயம் நீதிமன்றத்தில் இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். வக்கீல் வைத்தும் கொடுக்க முடியாது, நீங்களோ நீங்கள் அதிகாரம் கொடுத்த வக்கீல் அல்லாத ஒருவரோதான் கொடுக்க வேண்டும். சீல் வாங்கிய நகலும் ஸ்டேட்மென்ட்டும் போதும். காலக்கெடு உண்டு என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.