ஒரே ‘சொப்பனம்’, இரண்டு கிரேக்கச் சொற்கள்: நீங்களே தேடிப் பார்ப்பது எப்படி?

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 1:20, அப்போஸ்தலர் 2:17 இரண்டையும் வாசியுங்கள். இரண்டிலும் ‘சொப்பனம்’தான். கிரேக்க மூலத்திலோ இரண்டும் வேறு வேறு சொற்கள். கிரேக்க எழுத்தே தெரியாதவரும் இதைக் கண்டறியலாம். ஒரு நோட்டும் ஒரு மணி நேரமும் போதும்.

படி 1: எண்ணைப் பிடியுங்கள்

ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட வேதாகமச் சொல்லடைவில் (எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியலில்) ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் ஓர் எண் உண்டு. வேதாகமச் செயலிகள் பலவற்றில் ஆங்கில கிங் ஜேம்ஸ் பதிப்பைத் திறந்து சொல்லைத் தொட்டால் அந்த எண் வரும். மத்தேயு 1:20இல் 3677, ‘ஒனர்’. அப்போஸ்தலர் 2:17இல் 1798, ‘எனுப்னியொன்’.

படி 2: அகராதிக்கு முன் வசனங்கள்

பொருளை உடனே பார்த்துவிடாதீர்கள். பார்த்துவிட்டால் வசனங்களில் அதைத்தான் தேடுவீர்கள். 3677 வரும் இடங்களை எழுதுங்கள்: மத்தேயு 1:20, 2:12, 2:13, 2:19, 2:22, 27:19. புதிய ஏற்பாட்டில் மொத்தமே ஆறு, ஆறும் மத்தேயுவில். நான்கு யோசேப்புக்கு, ஒன்று சாஸ்திரிகளுக்கு, கடைசி பிலாத்துவின் மனைவிக்கு. எல்லா இடத்திலும் ‘கத் ஒனர்’, அதாவது ‘கனவில்’ என்ற ஒரே தொடர். இது மத்தேயுவின் கைப்பழக்கம்.

பழங்கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிஸி காப்பியத்தில், 19ஆம் பாடலில் இச்சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக ‘ஹுபர்’ நிற்கிறது. நம் கனவும் நனவும் போலவே ஓசையிலும் இணைந்த ஜோடி. இதைக் கண்ட நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

படி 3: மற்றச் சொல்லைப் பின்தொடருங்கள்

1798 புதிய ஏற்பாட்டில் ஒரே இடத்தில்தான் வருகிறது. அங்கே பேதுரு யோவேல் 2:28ஐ மேற்கோள் காட்டுகிறார். ஆகவே, பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்துக்குப் போங்கள். ஆதியாகமத்தில் வரும் யோசேப்பின் அரிக்கட்டுக் கனவும் பார்வோனின் பசுக் கனவும் அங்கே ‘எனுப்னியொன்’தான். ‘ஒனர்’ அதில் இல்லவே இல்லை.

படி 4: சொல்லைப் பிரியுங்கள், ஆனால் மயங்காதீர்கள்

‘என்’ என்றால் உள்ளே, ‘ஹுப்னொஸ்’ என்றால் உறக்கம். ஆக, உறக்கத்தில் தோன்றுவது. ‘ஒனர் தேவன் தருவது, எனுப்னியொன் வெறும் மனக்குழப்பம்’ என்று சிலர் இங்கே விதி வகுத்துவிடுகிறார்கள். 2ஆம் நூற்றாண்டில் கனவு நூல் எழுதிய ஆர்த்தெமிதோரஸ், எனுப்னியொன் என்பதை எதிர்காலம் சொல்லாத கனவு என்று ஒதுக்கியது உண்மைதான். அந்த அளவுகோல் வேதாகமத்துக்குப் பொருந்தாது. பேதுருவின் மேற்கோளில் எனுப்னியொன் ஆவியானவர் ஊற்றப்படுவதன் விளைவு. அதன் வினைச்சொல்லான 1797 அங்கேயும் வருகிறது, யூதா 8இல் கள்ளப் போதகர்களைக் குறித்தும் வருகிறது. நல்லதா கெட்டதா என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை, வாக்கியம் தீர்மானிக்கிறது.

பழக, அப்போஸ்தலர் 16:9ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பவுல் கண்டது இரவில், ஆனாலும் அங்கே இந்த இரண்டு சொல்லும் இல்லை, எண் 3705. 2:17இல் வாலிபர் காணும் தரிசனத்தின் எண்ணையும் பாருங்கள். தமிழில் இரண்டும் ‘தரிசனம்’தான்.