பழவேற்காட்டில் பறவை பார்க்கச் செல்லும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எனப் பிரிந்து நிற்கும் பழைய வடஆற்காட்டுப் பகுதியிலிருந்து பிள்ளைகளோடு நடைபயணம் செல்வோருக்கு ஏலகிரியும் ஜவ்வாது மலையும் அமிர்தியும் பழகிய இடங்கள். மலையில் எந்த மாதம் போனாலும் பாதை அதே இடத்தில் இருக்கும். பத்து மணிக்கு ஏறத் தொடங்கினாலும் ஏதோ ஒரு நேரத்தில் உச்சியை அடைந்துவிடலாம். பழவேற்காடு ஏரியிலும், அந்த ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவின் பக்கத்திலும் இந்தக் கணக்குச் செல்லாது. அங்கே எதைப் பார்க்க முடியும், எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதையெல்லாம் நீர்மட்டமும் வெளிச்சமும் காற்றுமே முடிவு செய்கின்றன. மலைக்குப் போகும் வழக்கத்தை அப்படியே கடற்கரைக்குக் கொண்டு செல்வதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேராக இருக்கிறது.

முதல் தவறு, பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்து நாள் குறிப்பது. மே மாதத்தில் போனால் வலசை வந்த பறவைகளில் பெரும்பாலானவை திரும்பிப் போயிருக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தில் பறவைகள் வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் ஏரி நிறைந்து கிடப்பதால், ஆழம் குறைந்த நீரில் நின்று இரை தேடும் பூநாரைகள் (பிளமிங்கோ) தொலைவான ஓரங்களுக்குச் சிதறிவிடும். மழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே ஏற்றவை. பொங்கல் விடுமுறை இதற்குப் பொருந்தி வருகிறது என்றாலும் காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். அன்றைய கூட்டத்தில் பறவையை அமைதியாகப் பார்க்க வழியிருக்காது.

அடுத்தது நேரம். விடியற்காலையில் வேலூரில் புறப்பட்டால் சென்று சேர முற்பகலாகிவிடும். காட்பாடியில் ரயில் ஏறுவோர் சென்னை சென்ட்ரலில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வழியாக, தீவுக்குச் சாலை பிரியும் ஆந்திர ஊரான சூலூர்பேட்டை செல்லும் ரயிலுக்கு மாற வேண்டும். பழவேற்காட்டு ஊருக்கு என்றால் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு நீர்ப்பரப்பின் மேல் கானல் அலைபாயும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இருநோக்கியாக (பைனாகுலர்) இருந்தாலும் அந்தக் கானலை ஊடுருவிப் பறவையின் அலகையோ இறகையோ தெளிவாகக் காட்டாது. ஆகவே முந்தைய இரவே பொன்னேரியிலோ சூலூர்பேட்டையிலோ தங்கிவிடுவது நல்லது. தங்க இயலாதவர்கள் நண்பகலை ஊர் பார்ப்பதற்கு ஒதுக்கி, டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, பிற்பகல் நான்கு மணிக்குமேல் ஏரிக்கு வரலாம்.

வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் கவனிக்காமல் நிற்பது இதைவிடப் பரவலான தவறு. ஏரியின் மேற்குக் கரையில் காலையில் நின்று கிழக்கே பார்த்தால் சூரியன் கண்ணில் அடிக்கும்; எல்லாப் பறவைகளும் கறுப்பு உருவங்களாகவே தெரியும். அதே கரைக்கு மாலையில் வந்தால் வெயில் முதுகுப்பக்கம் விழுந்து, பூநாரையின் சிறகில் உள்ள இளஞ்சிவப்பும் கரண்டிவாயனின் அலகு வடிவமும் துலங்கும். சூலூர்பேட்டையிலிருந்து ஏரியைக் கடந்து தீவுக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், அந்தச் சாலையில் வடக்குப் பக்க நீரைப் பார்ப்பதே பெரும்பாலான நேரங்களில் கண்ணுக்கு உகந்தது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, பறவைகளை நெருங்கிச் செல்லும் பழக்கம். பூநாரை தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகை நீருக்குள் விட்டு, கால்களால் சேற்றைக் கிளறிக்கொண்டே சிறு நீர்வாழ் உயிர்களை வடிகட்டி உண்கிறது. அது இரை தேடும்போது தலை தாழ்ந்தே இருக்கும். கூட்டத்தில் சில பறவைகள் கழுத்தை நேராக நிமிர்த்தி நம் பக்கம் பார்த்தால், அதுவே நாம் நிற்க வேண்டிய எல்லை. அதற்கு மேலும் ஓரடி வைத்தால் பறவைகள் நடந்து விலகும். இன்னும் நெருங்கினால் நீர்மேல் நெடுந்தூரம் ஓடி எழும்பும். பறக்கிற காட்சியைப் படம் பிடிப்பதற்காகவே கைதட்டி எழுப்புவோரும் இருக்கிறார்கள். அந்த ஓட்டத்தில் பூநாரை செலவழிக்கும் ஆற்றல், பல மணி நேரம் மேய்ந்து சேர்த்தது. திரும்பிச் செல்லும் பயணத்துக்கு வேண்டியதும் அதுதான். காருக்குள் இருந்தபடியே பார்ப்பது நல்ல வழி. வண்டியைக் கண்டு கலையாத பறவைகூடக் கதவு திறந்து மனித உருவம் இறங்கியதும் கலைந்துவிடும். சாலையை அடைக்காமல் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, சன்னல் வழியே பார்க்க வேண்டும்.

மார்ச்சுக்குப் பிறகு செல்வோர் தரையையும் கவனிக்க வேண்டும். ஆட்காட்டி, சிறிய உப்புக்கொத்தி வகைகள், ஆலா போன்றவை திறந்த மணலிலேயே முட்டையிடும். முட்டையின் நிறம் மணலோடு கலந்திருப்பதால் பிள்ளைகள் ஓடும்போது மிதித்துவிடுவார்கள். ஒரு சிறு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினால், அருகில் கூடு இருக்கிறது என்று பொருள். வந்த தடத்திலேயே திரும்பி நடக்க வேண்டும்.

இருநோக்கி வாங்குவோர், அதிகம் பெரிதாக்கிக் காட்டும் கருவியே சிறந்தது என நினைக்கிறார்கள். கையில் பிடித்துப் பார்க்க எட்டு மடங்கு போதும். அதற்கு மேல் போகப் போகக் கை நடுக்கமும் பெரிதாகும். பறவை மேல் வைத்த பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்கு உயர்த்தும் பழக்கத்தை, வேலூர்க் கோட்டை அகழிக் கரையில் கொக்குகளை வைத்தே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

வேலூர் வெயிலைத் தாங்கியவர்களுக்குக் கடற்கரை வெயில் ஒன்றுமில்லை என்று எண்ணுவதும் ஆபத்தானது. கடற்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் உடல் நீரை இழப்பது தெரியாது. பிள்ளை சோர்ந்து உட்கார்ந்த பிறகே தெரியும். ஏரி நீர் உவர்நீர், மணல்வெளியில் நிழலும் அரிது. ஆகவே குடிநீரையும் தொப்பியையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும். தளர்ந்த மணலில் நடப்பது கெட்டியான தரையில் நடப்பதைவிடக் கூடுதலாகக் களைப்பூட்டும் என்பதால், வழக்கமாக நடக்கும் தூரத்தில் பாதியைத் திட்டமிட்டால் போதும். சேற்றில் சிப்பி ஓடுகள் காலைக் கிழிக்கும். வெறுங்காலோடு இறங்கக் கூடாது. முகத்துவாரத்தில் ஏரியும் கடலும் மாறிமாறி இழுக்கும் நீரோட்டம் வலியது. அங்கே குளிக்க இறங்கவே கூடாது.

படகு விஷயத்தில் தயவு தாட்சண்யம் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து, விடுமுறைக்கு வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மீன்பிடிப் படகுக்காரரிடம் பேரம் பேசி, உயிர்காப்பு மேலங்கி இல்லாமல் குடும்பத்தையே ஏற்றுவது இன்றும் அதே ஆபத்துதான். அனுமதி பெற்ற படகா, ஒவ்வொருவருக்கும் மேலங்கி உண்டா என்று கேட்டு, இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் கரையிலேயே நின்றுவிட வேண்டும்.

ஸ்ரீஹரிகோட்டா தீவின் பெரும்பகுதி, ராக்கெட் ஏவுதளமான சதீஷ் தவான் விண்வெளி மையத்தின் பாதுகாப்பில் இருப்பதால், அங்கே விரும்பிய இடத்தில் இறங்கி நடக்க முடியாது. ராக்கெட் ஏவும் நாட்களில் கட்டுப்பாடு இன்னும் கடுமையாகும். புறப்படும் முன் அந்தத் தேதியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். காவலர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்கத் தேவையில்லை. தீவுக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் உள்ள நீரிலேயே பூநாரை, கூழைக்கடா (பெலிகன்), ஊசிவால் வாத்து என ஒரு காலைப் பொழுதுக்குப் போதுமான பறவைகள் கிடைக்கும். கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருப்பதைப் பார்க்க விரும்புவோர் சூலூர்பேட்டைக்கு வடக்கே உள்ள நேலப்பட்டு சரணாலயத்துக்குச் செல்லலாம்.