லேபில் கேம் ஆடுகிறார்களா? முதலில் கீபோர்டைப் பாருங்கள்

எந்த மெஷினில் கேம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். சாயங்காலம் லேபைப் பூட்டுவதற்கு முன் கீபோர்டுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போங்கள். நான்கு அம்புக்குறி கீகளும் இசட், எக்ஸ் இரண்டும் மட்டும் எண்ணெய் தடவியதுபோல மின்னினால் அங்கே எமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டரைப் பழைய வீடியோ கேம் கருவிபோல நடிக்கவைக்கும் புரோகிராம், இருக்கிறது என்று அர்த்தம். டைப்பிங் பழகுகிறவன் கீபோர்டில் ஏ, ஈ போன்றவைதான் தேயும், இசட்டை யார் அத்தனை முறை அழுத்தப்போகிறார்கள்? கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க கேம் கருவியின் ஏ, பி பட்டன்களை எமுலேட்டர்கள் வழக்கமாக இந்த இரண்டு கீயில்தான் வைத்திருக்கும்.

பள்ளியில் லேபைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் படிக்கிற காலத்தில் லேபில் டேவ் ஆடியவன்தான். ஜான் ரொமேரோ எழுதி 1990-இல் டாஸுக்கு வந்த அந்தச் சின்ன கேமை யாரோ ஒரு ஃப்ளாப்பியில் கொண்டுவந்திருந்தார்கள், சார் வெளியே போனதும் கோப்பையை எடுத்துக்கொண்டு கதவுக்கு ஓடுவோம். அதனால் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தி வைத்துத் திட்டும் யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் அப்படியே விட்டுவிடவும் முடியாது, ஏன் என்று சொல்கிறேன்.

லேபில் கிடைக்கும் கேம்கள் இரண்டு ஜாதி. ஒன்று, எமுலேட்டரும் ராம் (ROM) ஃபைலும், ராம் என்றால் பழைய வீடியோ கேம் கேசட்டின் நகல். விஷுவல்பாய் அட்வான்ஸ், எம்ஜிபிஏ, ஸ்னெஸ்9எக்ஸ் எல்லாம் இந்த வகை. முதல் சூப்பர் மாரியோவின் கேசட்டில் இருந்தது மொத்தம் 40 கேபிதான், இன்று வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படம்கூட அதைவிடப் பெரியது. போக்கிமான் எமரால்டு 16 எம்பி. இவை மெஷினுக்குப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது.

இரண்டாவது, கிராக் செய்த, அதாவது காசு கொடுக்காமல் ஓடும்படி பூட்டை உடைத்த பிசி கேம். வைஸ் சிட்டி, ஐஜிஐ, கவுன்டர் ஸ்ட்ரைக். பயப்பட வேண்டியது இதற்குத்தான். கிராக்கோடு வரும் குறிப்பிலேயே 'ஆன்ட்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று எழுதியிருப்பார்கள், பையனும் சொன்ன பேச்சைக் கேட்டு நிறுத்திவிடுவான். நான் சொல்லும் எந்தப் பேச்சையும் கேட்காதவன் அதை மட்டும் வரிக்கு வரி கேட்பான். எங்கள் லேபில் ஒருமுறை பிராக்டிகல் தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது இப்படி நடந்து, பென் டிரைவைச் சொருகினால் உள்ளே இருக்கும் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிய ஆரம்பித்தது. அந்த மாதிரி வந்தால் பதற்றப்பட்டு ஃபார்மட் செய்துவிடாதீர்கள், ஃபைல்கள் எங்கும் போகவில்லை, வைரஸ் அவற்றை மறைத்து வைத்திருக்கிறது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள், அதற்குக் கீழே சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள், பிள்ளைகளின் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். அவற்றை மட்டும் ஸ்கேன் செய்து சுத்தமான வேறு இடத்துக்கு காப்பி செய்துவிட்டு, அப்புறம் பென் டிரைவை ஃபார்மட் செய்யலாம். ஷார்ட்கட்டை மட்டும் டபுள் கிளிக் செய்யவே கூடாது.

சரி, தேடுவது எப்படி? சி டிரைவைத் திறந்து தேடும் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, ஜிபிஏ என்று அடியுங்கள். அப்புறம் அதே மாதிரி நெஸ், எஸ்எம்சி, ஐஎஸ்ஓ, கேம் ஃபைல்களின் பெயர் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். பெயரை மாற்றி வைத்திருப்பார்கள் என்பதால் எக்ஸ்இ என்று முடியும் புரோகிராம் ஃபைல்களையும் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். 'பிசிக்ஸ் ரெக்கார்டு' என்ற ஃபோல்டருக்குள் 'நியூ ஃபோல்டர்', அதற்குள் இன்னொரு 'நியூ ஃபோல்டர்' என்று ஆறு அடுக்கு போனால் அடியில் கண்டிப்பாக ஏதோ இருக்கிறது. ரெக்கார்டு எழுத யாரும் அவ்வளவு ஆழம் போவதில்லை.

நிறைய பேர் கேட்பது, 'அட்மின் பாஸ்வேர்டு போட்டிருக்கிறேனே, எப்படி வந்தது?' என்று. பாஸ்வேர்டு தடுப்பது இன்ஸ்டால் செய்வதை மட்டும்தான். எமுலேட்டர்களில் பெரும்பாலானவற்றை இன்ஸ்டால் செய்யவே வேண்டாம், ஜிப்பைப் பிரித்து டெஸ்க்டாப்பிலோ பென் டிரைவிலோ வைத்து அப்படியே ஓட்டலாம். அட்மின் உரிமை இல்லாத கணக்கு அவசியம்தான், அது இருந்தால் ஆன்ட்டிவைரஸை நிறுத்த முடியாது. ஆனால் எமுலேட்டர் அதைத் தாண்டி வரும் என்று தெரிந்தே இருங்கள்.

அழிப்பதற்கு முன் ஒரு வேலை. ராம் ஃபைலின் பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு 'சாவ்' ஃபைல் இருக்கும், எமரால்டுக்கு 128 கேபி. பையன் இதுவரை ஆடியதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அதை மட்டும் அழிக்காமல் அவன் பென் டிரைவில் போட்டுக் கையில் கொடுங்கள். நான் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் அப்படிக் கொடுத்தேன், நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆடியிருந்தான், அத்தனையும் மதிய இடைவேளைகளில். சாப்பிட்டானா என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது. அடுத்த வாரமே மற்ற மெஷின்களில் எது எங்கே இருக்கிறது என்று அவனே வந்து காட்டிவிட்டான்.

திரும்ப வராமல் இருக்க, டீப் ஃப்ரீஸ் மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டால் ரீஸ்டார்ட் செய்ததும் மெஷின் பழைய நிலைக்குப் போய்விடும். வசதிதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. டி டிரைவை அதிலிருந்து விலக்கி வைக்க மறந்தால் பிள்ளைகளின் வேலையும் சேர்ந்து காணாமல் போகும். நான் மறந்தேன். ஒரு பெண் மூன்று வகுப்புகளாகச் செய்த பைத்தான் புரோகிராம் போயே போய்விட்டது, 'பரவாயில்லை சார்' என்று அவள் சொன்னது திட்டியதைவிட மோசமாக இருந்தது. பிரவுசரிலேயே ஓடும் எமுலேட்டர்களுக்கு, வெப்சைட்டுகளை வகைவாரியாக மறிக்க உதவும் ஓப்பன்டிஎன்எஸ் சேவையில் கணக்கு ஒன்றைத் தொடங்கி கேம்ஸ் பிரிவை மறித்து, ரவுட்டரில் அந்த டிஎன்எஸ் எண்ணைப் போட்டுவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றி பிள்ளைகள் கேட்பார்கள், பதில் தெரிந்திருக்க வேண்டும். எமுலேட்டர் எழுதுவது தப்பில்லை. அமெரிக்காவில் சோனி நிறுவனம், பிளேஸ்டேஷன் எமுலேட்டர் எழுதிய கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில் 2000-இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்லிவிட்டது. பிரச்சினை ராமில்தான், ஏனென்றால் அது அடுத்தவர் படைப்பின் நகல். நம் நாட்டில் 1957-ஆம் வருட பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு, லாபத்துக்காக இல்லையென்றால் சிறையை விட்டுவிட்டு 50,000-க்குள் அபராதத்தோடு நிறுத்தவும் நீதிமன்றத்துக்கு இடம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையனைப் பிடித்துக்கொண்டு போகப்போவதில்லைதான். ஆனால் மெஷின் பள்ளியின் பெயரில் இருக்கிறது.

இதெல்லாம் பாதி வேலை. வெறுமனே அழித்துக்கொண்டே இருந்தால் அவர்கள் ஒளிப்பதில் தேறிக்கொண்டே போவார்கள். மீதிப் பாதி, லேபில் ஒரு ஓரத்தில் பழைய மெஷின் ஒன்றை கேமுக்கென்றே ஒதுக்குவது. நெட் கனெக்ஷன் கிடையாது, வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் மட்டும், ஆளுக்குப் பத்து நிமிடம், பெயர் எழுதும் நோட்டு ஒன்று. நோட்டைப் பிள்ளைகளிடமே கொடுங்கள், நம்மைவிடக் கறாராக இருப்பார்கள்.

அதில் எதைப் போடலாம்? ஃப்ரோஸன் பபிள், சூப்பர்டக்ஸ் இரண்டும் பெரும்பாலான பழைய மெஷின்களில் ஓடும். சூப்பர்டக்ஸ்கார்ட் போட்டால் லேன் கேபிளிலேயே நாலைந்து பேர் சேர்ந்து ரேஸ் விடலாம், கிராஃபிக்ஸ் அளவைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள், அதற்கு வேண்டிய மற்ற மெஷின்களை அந்த ஒரு பீரியடுக்குக் கடன் வாங்கலாம். எமுலேட்டரில்தான் ஆடுவேன் என்கிறவனுக்கு, ஆர்வலர்கள் எழுதி இலவசமாக வெளியிட்ட கேம்கள் இருக்கின்றன. கேம்பாய்க்கு டோபு டோபு கேர்ல், நெஸ் என்ற பழைய நின்டெண்டோ கருவிக்கு நோவா த ஸ்குவிரல், கேம்பாய் அட்வான்ஸுக்கு அங்குனா. இவற்றை எடுத்து ஓட்டினால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

எமுலேட்டரை வைத்துப் பாடமும் எடுக்கலாம், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பதினோராம் வகுப்பில் ஹெக்ஸாடெசிமல் என்றால் தூங்குகிறவர்கள் இதற்கு எழுந்து உட்காருவார்கள். எஃப்சியூஎக்ஸ் என்ற நெஸ் எமுலேட்டரில் 'ரேம் சர்ச்' என்று ஒரு கருவி உண்டு, ரேம் (RAM) என்பது ராம் இல்லை, கேம் ஓடும்போது எண்களை வைத்துக்கொள்ளும் வேலை நினைவகம். உயிர் எண்ணிக்கை திரையில் தெரியும் இலவச கேம் ஒன்றை ஓட்டுங்கள். மூன்று உயிர் இருக்கும்போது, மதிப்பு 3 உள்ள இடங்களை மட்டும் வடிகட்டச் சொல்லுங்கள். நெஸ்ஸின் வேலை நினைவகமே 2 கேபிதான், அதனால் பட்டியல் சீக்கிரமே சின்னதாகிவிடும். வேண்டுமென்றே ஒருமுறை செத்துவிட்டு 2 என்று வடிகட்டுங்கள், இன்னொரு முறை செத்து 1. கடைசியில் ஒன்றிரண்டு முகவரிகள் மிஞ்சும், ஹெக்ஸ் எடிட்டரில் அந்த இடத்துக்குப் போய் 09 என்று எழுதினால் ஒன்பது உயிர். ஒன்றும் சிக்கவில்லையென்றால் ஒன்று குறைத்துத் தேடிப் பாருங்கள், சில கேம்கள் மூன்று உயிரை 2 என்றுதான் வைத்திருக்கும், சூப்பர் மாரியோகூட அப்படித்தான். '0ஏ என்று போட்டால் என்ன ஆகும் சார்?' என்று ஒருவன் கேட்டான். அன்றைக்கு நான் பலகைப் பக்கமே போகவில்லை, அவர்களே போட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போக ஆசையிருந்தால் ஜிபி ஸ்டுடியோ. இலவசம், கோடு எழுதாமலேயே கேம்பாய் கேம் செய்யலாம், கடைசியில் உண்மையான ராம் ஃபைலே கிடைக்கும். திரை 160க்கு 144 புள்ளி, நான்கே நிறச் சாயல். தமிழில் வசனம் வைப்பதுதான் கஷ்டம், எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டத்துக்குள் 'கை' எழுதிப் பாருங்கள், தெரியும். எங்கள் பிள்ளைகள் வசனத்தை எல்லாம் படமாகவே வரைந்து ஒட்டிவிட்டார்கள்.

அப்புறம், அந்த கேம் மெஷினுக்கு நல்ல கீபோர்டைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய கீபோர்டுகளில் அம்புக்குறியும் இசட், எக்ஸும் வேலை செய்கிற ஒன்றைப் பொறுக்கி எடுத்து மாட்டுங்கள், மற்ற கீ போயிருந்தாலும் பரவாயில்லை.