இளம் வீரர்களுக்கு வலுப்பயிற்சி: புதிய பயிற்சியாளர்கள் தொடங்க வேண்டிய இடம்

எடை தூக்கினால் பிள்ளையின் உயரம் நின்றுவிடுமோ என்ற கேள்வியைப் பெற்றோரிடமிருந்து நீங்கள் கட்டாயம் எதிர்கொள்வீர்கள். தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில் செய்யப்படும் வலுப்பயிற்சி உயரத்தைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். எலும்பு நுனிகளின் அருகே இருக்கும் வளர்ச்சித் தட்டு மென்மையானது என்பது உண்மைதான்; ஆனால் எடைப் பயிற்சியில் அதற்கு நேர்ந்த காயங்களில் பெரும்பாலானவை தவறான முறையாலும், தாங்க முடியாத எடையாலும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததாலும் வந்தவை. இம்மூன்றும் பயிற்சியாளரின் கையில் இருப்பவை.

முதல் படி, தகுதி பார்ப்பது. வயதைவிட, சொன்னதைக் கேட்டு அதன்படி செய்யும் பக்குவமே முக்கியம். பல பிள்ளைகளுக்கு அது 7 அல்லது 8 வயதில் வந்துவிடுகிறது. இதயக் கோளாறு, உயர் இரத்த அழுத்தம், வலிப்பு போன்றவை இருந்தால் மருத்துவரின் ஒப்புதல் இன்றித் தொடங்க வேண்டாம்.

இரண்டாம் படியில்தான் உங்கள் நேரத்தின் பெரும்பகுதி செலவாக வேண்டும். எடை எதுவும் இல்லாமல், ஒரு மரக்கம்பை மட்டும் மேல்முதுகில் வைத்துப் பிடிக்கச் சொல்லி, கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, பின்னால் இருக்கும் பெஞ்சில் மெல்ல உட்காருவதைப் போல ஸ்குவாட் செய்யச் சொல்லுங்கள். முதலில் எதிரே நின்று, முழங்கால்கள் பாதவிரல்கள் நோக்கும் திசையிலேயே செல்கின்றனவா, உள்பக்கமாகச் சரிகின்றனவா என்று பாருங்கள். பிறகு பக்கவாட்டில் வந்து குதிகாலையும் முதுகையும் கவனியுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பினால், கம்பை வாங்கி வைத்துவிட்டு, எடை குறைந்த பந்து ஒன்றை நெஞ்சுக்கு முன்னே நீட்டிப் பிடிக்கச் செய்யுங்கள்; உடலின் சமநிலை முன்னே வருவதால், பல பிள்ளைகளுக்குக் குதிகால் தானாகவே தரையில் பதிந்துவிடும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்லுங்கள். தொடக்கத்தில் நான் ஒரே மூச்சில் நான்கைந்து திருத்தங்களைச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் குழம்பி, முன்பு சரியாகச் செய்ததையும் தவறவிடுவார்கள்.

புஷ்-அப், கம்பியை இழுக்கும் பயிற்சி, இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிர்வது, குதித்து ஓசையின்றித் தரையிறங்குவது ஆகியவற்றையும் இதே பொறுமையுடன் கற்றுக்கொடுங்கள்.

மூன்றாம் படி, அளவு. வாரத்துக்கு 2 அல்லது 3 நாட்கள், அடுத்தடுத்த நாட்களாக இல்லாமல், ஒவ்வொரு பயிற்சிக்கும் 1 முதல் 3 செட் (இடைவிடாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று), செட்டுக்கு 6 முதல் 15 முறை என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. புதியவருக்கு ஒரே செட் போதும். கடைசி முறையும் முதல் முறையைப் போலவே ஒழுங்காக இருந்தால்தான் எடையைக் கூட்டலாம்; அதுவும் 5 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 5 கிலோ டம்பெல்லிலிருந்து 7.5 கிலோவுக்குத் தாவுவது சிறிய மாற்றமாகத் தோன்றினாலும், அது 50 சதவீத உயர்வு. இடைப்பட்ட எடை கைவசம் இல்லையென்றால், முறைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

பருவமடையாத பிள்ளைக்கு வலு கூடுவது, நரம்புகள் தசைகளை மேலும் திறமையாக இயக்கக் கற்றுக்கொள்வதால்தான். தசை பெரிதாகப் பருக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால், கைச்சுற்றளவை அளந்து பார்த்து ஏமாற மாட்டார்கள்.

நான்காம் படியைப் பலர் மறந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். 3 மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரின் உயரத்தையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். சிறுமியருக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும், சிறுவருக்கு 14 வயதை ஒட்டியும் உயரம் வேகமாகக் கூடும் காலம் வருகிறது; கைகால்கள் திடீரென நீள்வதால், நேற்றுவரை நன்றாக ஸ்குவாட் செய்த பிள்ளைகூட இன்று தடுமாறலாம். அதைச் சோம்பல் என்று கண்டிக்காமல், எடையைக் குறைத்து மரக்கம்புக்கே திரும்புங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் எலும்பு மேட்டில் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், குதிக்கும் பயிற்சிகளை நிறுத்திவைத்து மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வளரும் வயதில் தொடைத்தசையின் தொடர்ந்த இழுவிசை அந்த இடத்தைப் புண்படுத்துவது உண்டு.

யார் அதிகம் தூக்குவது என்ற போட்டி பிள்ளைகளுக்குள் இயல்பாகவே எழும். அன்றைய பயிற்சியில் யாருடைய குதிகால் ஒருமுறைகூட எழும்பவில்லை என்று பார்த்து, அந்தப் பெயரை எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள்; அடுத்த வகுப்பில் அவர்களின் கண் எடையை விட்டுப் பாதத்துக்குப் போகும்.