மலையிலிருந்து சென்னை ஆட்டத்துக்கு: முதலில் திரும்பும் ரயில்

கோத்தகிரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். சென்னையின் எஃப்.சி. அணி நேரு விளையாட்டரங்கில் ஆடும்போது, முடிந்தபோதெல்லாம் அவர்களை அழைத்துச் செல்கிறேன். மலையிலிருந்து வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: திரும்பும் ரயிலை முடிவு செய்த பிறகே ஆட்ட டிக்கெட் வாங்குங்கள்.

இரவு 7.30 மணி ஆட்டம் முடிய 9.20 ஆகிவிடும். மேட்டுப்பாளையம் செல்லும் நீலகிரி எக்ஸ்பிரஸோ 9 மணியை ஒட்டியே சென்ட்ரலை விட்டுக் கிளம்பிவிடுகிறது. அதில் இடம் பிடித்தால் இரண்டாம் பாதியின் நடுவிலேயே எழுந்து ஓட வேண்டும். அவ்வளவு தூரம் வந்த பிள்ளையை அப்படி இழுத்துப் போவது கொடுமை. போகும்போது நீலகிரி, வரும்போது 10 மணிவாக்கில் கோவைக்குக் கிளம்பும் சேரன் எக்ஸ்பிரஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரங்கம் பெரியமேட்டில் இருக்கிறது. சென்ட்ரலுக்கு நடக்கும் தூரம்தான். அந்த நெரிசலில் ஆட்டோ தேடாதீர்கள், நடையே வேகம். மாலை 5 மணி ஆட்டம் அமைந்தால் விடாதீர்கள், நீலகிரியிலேயே திரும்பலாம்.

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறக்கிறது; ஆட்ட டிக்கெட் அதற்கு வெகு பின்னால்தான் விற்பனைக்கு வரும். எனவே ஆட்ட அட்டவணை வெளியான அன்றே ரயிலைப் பதிவு செய்யுங்கள். கடைசிவரை காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றுவிட்ட இணைய டிக்கெட் தானாக ரத்தாகிவிடும். அதை நம்பிப் பிள்ளைகளைக் கிளப்பாதீர்கள்.

ஒருமுறை டிக்கெட் விற்ற செயலி பணத்தை எடுத்துக்கொண்டு டிக்கெட்டைத் தரவில்லை. பிள்ளைகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவைத்து, புகாரை எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கிடைத்த டிக்கெட்டுகளை ஊரிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் இணையம் திணறும்.

ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதை இருப்பதால் முன்வரிசையில் பந்து எங்கோ தொலைவில் உருள்வதுபோலத் தெரியும். மேல் வரிசைக்கு ஏறுங்கள், அணிகள் நகரும் வடிவமே புலப்படும். டிக்கெட்டில் இருக்கை எண் இல்லையென்றால், சேர்ந்து உட்கார ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

பைகளுக்கும் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் பொதுவாக உள்ளே அனுமதியில்லை. ஸ்வெட்டர், மாற்றுத்துணி எல்லாவற்றையும் சென்ட்ரலின் பொருள் காப்பறையில் வைத்துவிடலாம். அங்கே வைக்கும் பைகளுக்குப் பூட்டு கட்டாயம், மறக்காதீர்கள். குளிரில் வளர்ந்த பிள்ளைகள் சென்னைப் புழுக்கத்தில் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள். நுழையும் முன் நன்றாகத் தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள். உள்ளே தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் இடைவேளை விசிலுக்காகக் காத்திருந்தால் வரிசையிலேயே ஆட்டம் போய்விடும். நாற்பதாவது நிமிடத்திலேயே அனுப்புங்கள், பெண் பிள்ளைகளை முதலில்.

விடியற்காலை கோவையில் இறங்கியதும் மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்துக்குப் போங்கள். கோத்தகிரிக்கு நேர் பஸ் இல்லையென்றால் மேட்டுப்பாளையத்தில் மாறிக்கொள்ளலாம். தூக்கம் கெட்ட வயிறு மலைப்பாதையில் புரட்டும். இட்லியை ஊருக்கு வந்த பிறகு கொடுங்கள்.